சார், மூக்கைக் கொஞ்சம் இறக்கலாமா

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜின் நின்னு போச்சாம்மா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "உன் தம்பிதான் ஓட்டிக்கினு இருந்தானா?" முதல் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியாது. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கு நான் காபி கொடுக்கவில்லை. எனக்கு முன்கோபம் உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை.

இன்ஜின் நிற்கவில்லை. இரண்டும் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. எதுவும் உடையவில்லை, தீப்பிடிக்கவில்லை, பறவை வந்து மோதவில்லை. நல்ல விமானம், நன்றாக ஓடுகிற இன்ஜின், படித்த இரண்டு பேரின் கையில். இறங்க வேண்டிய ஊருக்குச் சற்று முன்னால், மழையில், அப்படியே விழுந்தது. என் தம்பி வலது பக்க இருக்கையில், துணை பைலட்டாக இருந்தான்.

புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரும்பு, கொஞ்சம் மாந்தோப்பு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, இரண்டும் கலந்து சண்டை. அம்மா இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. அவனுக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, அடித்தது எல்லாம் நான்தான். நைனா, எங்கள் அப்பா, கழனியையும் எங்களையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் விடுவார், அதிகம் பேசமாட்டார்.

கை கால் முறிந்தால் ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் புத்தூருக்கு வருவார்கள். எந்த எலும்பையும் கட்டுப்போட்டு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்துக்குப் பெயர். என் தம்பி வந்த பெட்டியின் மேல், திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. நைனா அதைத் தடவிக்கொண்டே இருந்தார். திறக்கச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பெட்டியை அப்படியே புதைத்தோம்.

விபத்து நடந்த வாரமே டிவியில் "பைலட் தவறு" என்று சொல்லிவிட்டார்கள். விமானத்தில் இரண்டு பைலட். எந்த பைலட் என்று ஒரு டிவிக்காரனும் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பால் சென்டரில் ஒருவர் நைனாவிடம், "உன் பையன்தான் சின்ன வயசு, அவசரப்பட்டுட்டு இருப்பான்" என்றாராம். மறுநாளிலிருந்து நைனா பால் சென்டருக்குப் போகவில்லை. கேனை நான்தான் சைக்கிளில் எடுத்துக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போகவில்லை, கல்யாணங்களுக்குப் போகவில்லை, முடிவெட்டிக்கொள்ளக்கூட பஜாருக்கு வரவில்லை. அத்தனை பேரைக் கொன்றவனின் அப்பன் என்று தன்னை நினைத்துக்கொண்டுவிட்டார். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

"எந்த பைலட்டுன்னு போட்டானா?"

"இன்னும் இல்ல நைனா."

அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இதுதான்.

இடையில் ஒரு பெண் போன் செய்வார். விபத்தில் இறந்த கேப்டனின் மனைவி. வடக்கே ஏதோ பெரிய ஊர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். என்னை சிஸ்டர் என்பார். உங்கள் அப்பாவிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்பார். நைனாவிடம் போனை நீட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விடுவார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அழைப்பார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம், அவர் கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்றும் இருந்தது.

ஸ்டால் என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னவன் தம்பிதான். லீவில் வந்திருந்தான். திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, "அக்கா, நீயும் நீட்டு" என்றான். நீட்டினேன். விரல் பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினால் காற்று கையைத் தூக்கியது. இன்னும் நிமிர்த்தினால் இன்னும் தூக்கியது. "இன்னும், இன்னும்" என்றான். ஒரு அளவுக்கு மேல் போனதும் கை பின்னால் தள்ளப்பட்டு, கனத்துக் கீழே விழுந்தது.

"அவ்ளோதான் அக்கா, இதுதான் ஸ்டால். காத்து இறக்கை மேல ஒட்டிக்கினு போவணும். மூக்கு ரொம்ப நிமிர்ந்துட்டா, வேகமும் இல்லன்னா, காத்து பிச்சிக்கினு போயிடும். இன்ஜின் பாட்டுக்கு ஓடும், இறக்கை தாங்காது."

"அப்ப இன்னாடா பண்ணுவ?"

"மூக்கைக் கீழ வுடணும். மறுபடி காத்தைப் புடிச்சிக்கும்."

"கீழ வுழும்போது இன்னும் கீழயா?"

"அதான் கஷ்டம். பயந்துட்டா யாரா இருந்தாலும் கை மேலதான் இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் வுழும். அதுக்குத்தான் எங்களைத் திரும்பத் திரும்பப் பழக்குறாங்க."

அதற்குள் கண்டக்டர் பார்த்துவிட்டார். "செய்யி லோபல பெட்டு சாமி" என்று தெலுங்கில் அதட்டினார். இவன் சடக்கென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "சாரி அண்ணா" என்றான். ஆகாயத்தில் நூற்றைம்பது பேரைச் சுமக்கிறவன் பஸ் கண்டக்டருக்குப் பயப்படுகிறான் என்று வீடுவரைக்கும் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான்.

விபத்து விசாரணை ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இணையத்தில் போட்டிருந்தார்கள். புத்தூரில் பத்திரம் எழுதும் கடையில் நான் டைப் அடிக்கிறேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கடை பிரிண்டரிலேயே எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். என் தொழிலில் ஒரு வரி எழுதினால் யார், யாருக்கு, எதை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சப் ரிஜிஸ்ட்ரார் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ரிப்போர்ட்டில் யாரும் எதையும் செய்யவில்லை. வேகம் குறைந்ததாம். மூக்கு உயர்ந்ததாம். உயரம் இழக்கப்பட்டதாம். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. பின்பக்கங்களில், கடைசி நிமிடங்களில் இரண்டு பேரும் பேசியதை அப்படியே எழுதியிருந்தார்கள். அங்கேதான் எல்லாம் இருந்தது.

அன்றைக்கு ஓட்டியவர் கேப்டன். பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் முள்ளையெல்லாம் பார்த்து, தப்பு தெரிந்தால் சொல்ல வேண்டியது தம்பியின் வேலை. இறங்குவதற்காக இன்ஜின் விசையைக் குறைத்து வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் உயரத்தில் நிற்கச் சொல்லிக் கீழிருந்து உத்தரவு வந்தது. தானாக ஓட்டும் கருவி அந்த உயரத்தைப் பிடித்துவைக்க மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தியது. குறைத்த விசையை யாரும் கூட்டவில்லை. மழை, காற்று, ஓடுதளத்தைப் பற்றிய பேச்சு. வேகம் பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருந்தது.

தம்பி பார்த்துவிட்டான். "சார், ஸ்பீட் பார்த்தீங்களா?" என்று கேட்டான். கேப்டன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, "சார், பவர் இன்னும் கொஞ்சம் வேணுமோ?" என்றான். கேப்டன் "ம்" என்றார். இறக்கை விடப்போகிறது என்று எச்சரிக்க, ஓட்டும் பிடி தானாகவே உதறும். அது உதறியது. கேப்டன் விசையை முழுக்கக் கூட்டினார். கூடவே பிடியைத் தன் மார்புவரை இழுத்தார். எல்லா மனிதர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மூக்கு இன்னும் நிமிர்ந்தது. விமானம் கல் மாதிரி இறங்கியது.

"சார், மூக்கைக் கொஞ்சம் இறக்கலாமா?" என்றான் தம்பி.

பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்புறம் தம்பியின் குரல் ஒருமுறை, "நான் எடுத்துக்கறேன்" என்று. துணை பைலட் அப்படிச் சொல்லிப் பிடியை வாங்கிக்கொள்ளலாம், வாங்க வேண்டும் என்பதே விதி. வாங்கி, முன்னால் தள்ளினான். மூக்கு இறங்கியது. இறக்கை மறுபடியும் காற்றைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது என்று ரிப்போர்ட் சொல்கிறது. அதற்குள் தரை வந்துவிட்டது. அவன் முதலில் கேட்டபோதே எடுத்திருந்தால் உயரம் போதுமானதாக இருந்தது என்பதையும் அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அவன் பேசியது ஆங்கிலம். ஆனால் அது எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் வீட்டில் நைனா செய்வது தப்பு என்று யாரும் நேராகச் சொன்னதில்லை. மடை திறந்து கிடந்து தண்ணீர் பாழாகப் போனால், "நைனா, மடைய மூடிட்டுத்தானே வந்த?" என்று கேட்போம். மோட்டார் வீணாக ஓடினால், "கரண்ட் இருக்குதா நைனா?" என்போம். அவரே எழுந்துபோய் அவரே கண்டுபிடித்த மாதிரி சரி செய்வார். அம்மா அப்படித்தான் பேசினாள். அவளைப் பார்த்து நான். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். கழனியில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கொஞ்சம் தண்ணீர் போகும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நைனா கேட்டார், "எந்த பைலட்டுன்னு போட்டானா?"

"கேப்டன்தான் நைனா. தம்பி சரியாத்தான் சொல்லி இருக்கான்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் பத்திரத்தில் பாதி எல்லையை எழுதிவிட்டு மீதியை விட்டால் அது என்ன பத்திரம்? எனக்குத் தெரிந்துதான் விட்டேன். நைனா என் முகத்தையே பார்த்தார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பெட்டி வந்த நாளில்கூட அவர் அப்படி அழவில்லை.

மறுநாள் விடியும் முன்பே பால் கேனை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். சென்டரில் இருந்தவர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும், "எம்புள்ள மேல தப்பு இல்ல, மாவாடிதி தப்பு லேது" என்று சொன்னாராம். பஜாரில் முடிவெட்டிக்கொண்டார். காளஹஸ்திக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் கணுக்கால்வரை மட்டும் ஓடிய ஆற்றில் இறங்கி அவனுக்குத் திதி கொடுத்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பாதி உண்மை இவ்வளவு வேலை செய்யும் என்றால் மீதியை நானே வைத்துக்கொண்டு செத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கேப்டனின் மனைவி போன் செய்தார். நான் ஹலோ என்று சொல்லி முடிப்பதற்குள் நைனா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எம்புள்ள சொன்னான் இல்ல? படிச்சிப் படிச்சி சொன்னான் இல்ல? உம்புருஷன் காதுல இன்னா இருந்துச்சி? கொன்னுட்டான், எம்புள்ளய கொன்னுட்டான்" என்றார். தெலுங்கில் கொஞ்சம் திட்டினார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. நைனா மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, என் பாழும் கோபத்தில் மீதியைக் கொட்டிவிட்டேன்.

"படிச்சிப் படிச்சி எங்க நைனா சொன்னான்? 'பார்த்தீங்களா சார், வேணுமோ சார், இறக்கலாமா சார்'னு கேட்டுக்கினு இருந்தான். அவனுக்கு மொதல்லயே தெரியும். அப்பவே புடுங்கித் தள்ளி இருந்தா எல்லாரும் ஊடு வந்து சேர்ந்திருப்பாங்க. அத்தினி பேரும்."

நைனா நின்றபடியே கேட்டார். "தெரிஞ்சிதா அவனுக்கு?"

"தெரிஞ்சிது."

"ஏன் சொல்லல?"

"இந்த ஊட்டுல யாரு யாருகிட்ட சொல்லி இருக்கோம்?"

சொன்ன பிறகு என் நாக்கை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நைனா உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

பழியை அவர்மேல் போட்டுவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு வேறொன்று தெரியும். தம்பிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நைனா டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் டிரெய்லர், அதற்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. கரும்பு வெட்ட வந்த ஆட்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். இவன் ஓடிவந்து, "நைனா, தப்பா போற, நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நைனா நிறுத்தினார். கிணற்றுக்கு இன்னும் நாலடி இருந்தது. கத்தாமல் இருந்தால் விழுந்திருக்குமா, தெரியாது. ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நைனா டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் அவனை அறைந்தது நான். "பத்து பேர் எதிர்ல பெரியவங்களப் பாத்து இப்பிடித்தான் கத்துவியா? கேக்குற மாதிரி கேக்கத் தெரியாதா?" என்றேன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்க்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் யாரையும் எதிர்த்துக் கத்தி நான் பார்க்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை மூடியது என் கை.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நைனா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அவங்க இன்னா பண்ணி இருக்கணும், காட்டு."

நான் கையை இறக்கை மாதிரி நீட்டிக் காட்டினேன். எங்கே காற்று பிரிகிறது, எங்கே கை விழுகிறது, அப்போது மூக்கை எப்படிக் கீழே தள்ள வேண்டும் என்று, தம்பி சொன்ன மாதிரியே சொன்னேன். நைனா இரண்டு கைகளாலும் காற்றில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டி கீழ வுழுது. அப்பவும் கீழதான் தள்ளணுமா?"

"ஆமா நைனா."

அவருடைய கைகள் தாமாகவே மார்புப் பக்கம் வந்தன. கண்ணைத் திறந்து அந்தக் கைகளைப் பார்த்தார்.

"நானும் மேலதான் இழுத்திருப்பேன்" என்றார். பிறகு, "பக்கத்துல இருந்து அவன் சொல்லி இருந்தா நான் கேட்டிருப்பனா?"

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். "கேட்டிருக்க மாட்ட நைனா" என்றேன். கோபமில்லாமல் அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப நானா இருந்தாலும் அவனைக் கொன்னிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். நைனா போனைப் பார்த்துக்கொண்டு, யாரோ வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி பேசினார். "அம்மா, நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். உங்க ஊட்டுக்காரர் எடத்துல நான் குந்தி இருந்தாலும் அதேதான் பண்ணி இருப்பேன். எம்புள்ள கத்தி இருக்கணும். கத்த வுடாம நாங்கதான் வளத்துட்டோம்." நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு கேப்டனின் மனைவி சொன்னார். வீட்டிலும் தன் கணவர் அப்படித்தானாம், அவரிடம் யாரும் எதையும் நேராகச் சொன்னதில்லையாம். இத்தனை நாள் அவர் எங்களிடம் சொல்ல நினைத்தது வேறு ஒன்று. கூட ஓட்டுகிறவர்களில் என் தம்பியைத்தான் அவர் கணவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். இந்தக் காலத்துப் பையன்கள் எதற்கெடுத்தாலும் பதில் பேசுவார்கள், இவன் ஒருநாளும் பேசியதில்லை, எவ்வளவு நல்ல வளர்ப்பு, இவனைப் பெற்றவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் நைனா.

நான் ஒரு வார்த்தையையும் விடாமல் சொன்னேன்.

நைனா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் வளத்தோம்" என்றார், "நீயும் நானும்."